மெய் விம்பம்

எங்கள் கரையில் இடக்கைப் பக்கம், சோத்துக்கைப் பக்கம் என்று சொன்னால் அது சொல்பவரின் கை அல்ல. கடலைப் பார்த்து நிற்பவரின் கை. நீங்கள் கோயில் முற்றத்தில் நின்றாலும் சரி, குசினியில் அடுப்பைப் பார்த்துக் குந்தியிருந்தாலும் சரி, கடலுக்கு முகம் கொடுத்து நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் கையைச் சொல்லவேண்டும். சோத்துக்கைப் பக்கம் அந்தோனியார் கோயில். இடக்கைப் பக்கம் களப்பு வாய், களப்புத் தண்ணீர் கடலோடு சேர்கிற இடம். வெளியூரிலிருந்து கல்யாணம் முடித்து வருகிற பெண்கள் ஒரு வருசமாவது இதில் தடுமாறுவார்கள், நாங்கள் சிரிப்போம். அற்புதம் அப்படித் தடுமாறக்கூடியவள் அல்ல. அவள் இந்தக் கரையிலேயே பிறந்தவள். அதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அற்புதம் என் அண்ணன் தோமஸின் மனைவி, எனக்கு மச்சாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனால் சின்ன வயதில் ஒன்றாய் மண்ணில் புரண்டவர்கள் என்பதால் நீ, நான் என்றுதான் பேச்சு. வாய் என்றால் அப்படி ஒரு வாய். மீன் வாங்க வருகிற வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால், "உந்த விலைக்கு என்ரை நிழலைத்தான் தரலாம், வேணுமோ?" என்பாள். வலை பொத்துவது அவள் தொழில். சுறா கிழித்த வலையைக் கொடுத்தால் எங்கே கிழிந்தது என்று தேடவேண்டியிருக்கும், அவ்வளவு சுத்தம். பிள்ளைகள் இல்லை. அந்தக் கவலையைப் பற்றி யாராவது வாய் திறந்தால், "எனக்கு அந்தக் கிழவனை வளர்க்கவே நேரம் காணாது" என்று அண்ணனைக் காட்டுவாள். அண்ணனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

வெள்ளெழுத்து அவளுக்குக் கொஞ்சம் முந்தி வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடத் தொடங்கினாள். நெளுக்குளத்தில் இருந்த எங்கள் சித்தி, வவுனியாவில் ஒரு கண்ணாடி வாங்கி, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிட்டாள். சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் கிளறிய கிளறலில் சட்டம் உடைந்து, ஒரு கண்ணாடிச் சில் நொறுங்கி, மற்றச் சில் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. அற்புதம் அதை வாங்கிப் பார்த்தாள். "பரவாயில்லை, ஒரு கண்ணும் ஒரு ஊசியும் போதும்" என்றாள். சில்லின் விளிம்பில் வலை நூலைச் சுற்றிக் கட்டிக் கழுத்தில் செபமாலையோடு தொங்கவிட்டாள்.

அது தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு. மண்ணெண்ணெய் இல்லை, ஆகவே இஞ்சின் ஓடவில்லை. எங்கள் ஆட்கள் தண்டு வலித்துத்தான் கடலுக்குப் போனார்கள். போனால் கடற்படையின் பீரங்கிப் படகு, கன்போட், வரும். கடலில் வள்ளத்தைக் கண்டாலும் சுடும், கரையில் ஆள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டாலும் சுடும். கடற்கரை மண்மேட்டின் பின்னால் நாங்கள் பதுங்கிக்கொள்ளப் பங்கர் வெட்டி வைத்திருந்தோம். மனிசர் தங்கள் கடலைத் தாங்களே தலையை ஒளித்துக்கொண்டு பார்க்கவேண்டிய காலம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

ஒரு பின்னேரம் கரைக்கு வெடி விழத் தொடங்கியது. அற்புதமும் நானும் பங்கருக்குள் ஓடினோம். அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கிழிந்த வலையையும் இழுத்துக்கொண்டுதான் வந்தாள். முன்சுவரில் அடுக்கிய பனங்குற்றிகளுக்கு நடுவே கடல் பக்கமாக ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. அந்த வெளிச்சத்தில் ஊசி கோத்துவிட்டு, சில்லை அந்த ஓட்டையிலேயே ஒரு ஆணியில் மாட்டினாள். வாசலில் தொங்கிய சாக்கை நான் இழுத்து மூடினேன். உள்ளே இருட்டு.

"ஆன்சலா, பின்னாலை பார்" என்றாள்.

பின்சுவரில் மண் கொட்டாமலிருக்க வெள்ளைக் கோதுமை மாப்பைகளைப் பிரித்துத் தைத்து அடித்திருந்தோம். அந்தத் துணியில் கடல் தெரிந்தது. நீலம் நீலமாகவே இருந்தது. அலை அசைந்தது. ஆனால் வானம் கீழே, கடல் மேலே. அந்த மேல் கடலிலிருந்து என் விரல் நகமளவில் ஒரு கன்போட், வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்தது.

"சேசுவே, உதை மூடு மச்சாள்" என்றேன்.

அவள் மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். "சோத்துக்கைப் பக்கம் போறான்" என்றாள். நாங்கள் இருவரும் கடலுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து இருந்தோம். சுவரில் கன்போட் எங்கள் சோத்துக்கைப் பக்கம் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தமும் கோயில் பக்கமாகத்தான் தள்ளிப் போனது. தலை கீழாகிறதே தவிர, கை மாறவில்லை; சுவரைப் பார்த்து இருப்பவரின் சோத்துக்கையில் தெரிந்தால் கடலிலும் அது சோத்துக்கைப் பக்கம்தான். அற்புதம் அதை அன்றைக்கே பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை அண்ணனும் அவளும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். மண்மேட்டின் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு கம்பு நட்டார்கள். இரண்டிலும் கயிறு கட்டிப் பங்கருக்குள் விட்டார்கள். கன்போட் எந்தக் கைப் பக்கம் வருகிறதோ அந்தக் கைப் பக்கக் கம்பில் ஒரு சிவப்புச் சேலை ஏறும். வள்ளத்தில் இருப்பவர்கள் மற்றப் பக்கம் வலித்துக் கரை பிடிக்கவேண்டும். வள்ளம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும், அலை மறைக்கும், அவர்களுக்குக் கன்போட் தெரியும் நேரம் எல்லாம் பிந்திவிடும். ஆனால் கரையில் ஒரு சேலை காய்ந்தால் எந்தக் கன்போட்காரன் கவனிக்கப்போகிறான்? சூரியன் எங்களுக்குப் பின்னால் சாய்ந்த பிறகுதான் படம் துலங்கும் என்பதால் ஆட்கள் மத்தியானத்துக்குப் பிறகே கடலுக்குப் போனார்கள். போகுமுன் ஒவ்வொருவரும் வந்து, "என்ன அற்புதம், இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்பார்கள்.

இது யோகலிங்கம் மாஸ்டரின் காதுக்கும் எட்டியது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், குளத்துக் காணியில் வயல் செய்தவர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். மீன் வாங்கச் சைக்கிளில் வந்தவர் பங்கருக்குள் குனிந்து புகுந்து, படத்தைப் பார்த்துக் குழந்தைப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார்.

"இது குவிவு வில்லை, அற்புதம் அக்கா. நடு தடிப்பு, ஓரம் மெல்லிசு. தண்ணிக்குள்ளை விட்ட தண்டு வளைஞ்சு தெரியுதல்லோ, அது மாதிரி வெளிச்சம் இதுக்குள்ளாலை போகேக்கை வளையும். வளைஞ்சு நடுவுக்குச் சாயும். கன்போட்டின்ரை உச்சியிலையிருந்து வாற வெளிச்சம் கீழை போய் விழும், அடியிலையிருந்து வாறது மேலை விழும்."

அற்புதம் கொஞ்சம் யோசித்தாள். "கரைவலை இழுக்கிற மாதிரி எண்டு சொல்லுங்கோ. ரெண்டு கயித்துக்காரரும் நெருங்கி நெருங்கி வருவினம். நிக்காமல் ஆளையாள் தாண்டிப் போனால் இவன் நிண்ட பக்கம் அவன் நிப்பான்."

"அதேதான்! புத்தகத்திலை இதுக்குப் பேர் மெய் விம்பம்."

"மெய்யோ?"

"ஓம். சீலையிலை பிடிக்கலாம். மற்றது மாய விம்பம். முகம் பாக்கிற கண்ணாடியிலை தெரியிறது. அதைச் சீலையிலை பிடிக்கேலாது."

"அப்ப கண்ணாடியிலை தெரியிற என்ரை முகம் மாயம், இந்தத் தலைகீழாத் தொங்கிற சனியன் மெய்?"

எல்லாரும் சிரித்தோம். மாஸ்டர் போகிற நேரம் இன்னொன்றும் சொன்னார். மாப்பை தடிப்பு, மெல்லிய வேட்டித் துணியாக இருந்தால் பின்னாலிருந்தும் பார்க்கலாம், படம் இன்னும் வடிவாகத் தெரியும் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பின்னாலிருந்து பார்த்தால் வேறென்ன நடக்கும் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. அற்புதத்துக்கு மட்டும் "மெய்" என்ற சொல் பிடித்துப்போயிற்று. "மெய் எண்டால் பொய் சொல்லாதுதானே" என்று அதற்குப் பிறகு அடிக்கடி சொல்வாள்.

அவளுக்கு அந்தப் பங்கரில் ஒன்றே ஒன்றுதான் பிடிக்காது. எங்கள் கரையில் புருசன் கடலில் நிற்கிற நேரம் மனைவி கடலுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டாள். நடக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் குந்தினால் கடலைப் பார்த்துத்தான் குந்தவேண்டும். யார் வைத்த சட்டமோ தெரியாது, நான் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. அற்புதம் எண்ணுவாள். சுவரைப் பார்த்து இருக்கும்போதெல்லாம் வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டே இருப்பாள். முதுகு அரிக்கிறது என்பாள். "ஆரோ பின்னாலை நிக்கிற மாதிரி இருக்கு ஆன்சலா" என்பாள்.

மாரி தொடங்குமுன் அண்ணன் ஒரு நாள் கை கிழிந்து வந்தார். தூண்டில் இழுத்துச் சதை பிய்ந்துவிட்டது. கடல் தொழிலில் இதெல்லாம் சாதாரணம். ஆனால் எங்கள் ஊரில் தங்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? "ஆம்பிளை கடலிலை, பெண்டில் முதுகைக் காட்டிக்கொண்டு படம் பாக்கிறாள். உது கையோடை போனது கர்த்தர் செயல்" என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னாள். நான் நல்ல கிழி கிழித்தேன். ஆனால் அற்புதம் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. அந்த வாய் மூடியிருந்ததைக் கண்டதும் எனக்குப் பயம் பிடித்தது.

மாரியில் பழைய பங்கர் இடிந்து தூர்ந்துபோனது. மழை விட்டதும் ஆட்கள் புதிதாக வெட்டினார்கள். இது நீளம் கூடியது. வாசல் முன்பக்கத்தில், கடல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வந்தது. அற்புதம் அண்ணனின் பழைய வேட்டியைத் தோய்த்து எடுத்து, ஓட்டையிலிருந்து இரண்டு முழம் உள்ளே குறுக்காகக் கட்டினாள். கட்டிவிட்டு வேட்டிக்குப் பின்னால், பங்கரின் உள்கோடியில் பாயைப் போட்டாள். கடலைப் பார்த்து.

"இப்ப ஆருக்கும் கதைக்க ஒண்டுமில்லை" என்றாள். அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இனி என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே இருப்பாய் எண்டு சொல்லு" என்றார். "உங்கடை முகத்தைத் தலைகீழாப் பாத்தால்தான் கொஞ்சம் வடிவு" என்றாள் அவள். அண்ணன் உயிரோடு சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

அது மாசி மாதம். மாரிக்குப் பிறகு வள்ளம் இறங்கிய முதல் நாள். அண்ணனும் றஜித்தும் போனார்கள். றஜித் எங்கள் மாமன் மகன், அண்ணனோடு கூட வலிப்பவன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒரு மூட்டம் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. காகம்கூடக் கத்தவில்லை. இப்படி அடங்கிக் கிடக்கிற நாள் நல்ல நாள் என்று சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். இடக்கைக் கம்பில் சிவப்புச் சேலை ஏறியிருந்தது. களப்பு வாய்ப் பக்கம் கன்போட் வருகிறது என்று அர்த்தம். சுளகைப் போட்டுவிட்டுக் குனிந்து ஓடினேன். சாக்கை விலக்கிப் பங்கருக்குள் புகுந்து உடனே மூடினேன்.

வாசல் முன்பக்கம் என்று சொன்னேன் அல்லவா. ஆகவே நான் நின்றது வேட்டிக்கு முன்னால், ஓட்டைக்கும் வேட்டிக்கும் நடுவே. வெளிச்சத்தை மறைக்காமல் கீழே குந்தி, கடலுக்கு முதுகு காட்டி வேட்டியைப் பார்த்தேன். வேட்டிக்கு அந்தப் பக்கம் அற்புதம் இருந்தாள். அவள் மூச்சுக் கேட்டது.

படம் மாஸ்டர் சொன்னது மாதிரியே வடிவாகத் தெரிந்தது. ஓரத்தில் கன்போட் தொங்கியது. நடுவில் நெல்லுமணி அளவில் அண்ணனின் வள்ளம். அது நகர்ந்துகொண்டிருந்தது.

"இந்த மனிசனுக்கு என்ன பைத்தியமோ?" அற்புதம் வேட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "நான் சேலை ஏத்திப் போட்டன். கண்டவர். கண்டுதான் திருப்பினவர். ஆனால் அவனிட்டையல்லோ போறார்! ஏன் அங்கை போறார், ஆன்சலா?"

நான் பார்த்தேன். உண்மைதான். வள்ளம் கன்போட்டை நோக்கித்தான் போனது.

"மச்சாள், நீ எந்தச் சேலை ஏத்தினனி?"

"இடக்கை. கன்போட் இடக்கைப் பக்கமல்லோ நிக்குது."

"இல்லை. சோத்துக்கைப் பக்கம்."

"உனக்குக் கண் தெரியேல்லையோ? இடக்கை! இஞ்சை, என்ரை இடக்கைப் பக்கம், விரலை வைச்சிருக்கிறன் பார்."

வேட்டியில் அவள் விரல் முட்டிப் புடைத்தது. கன்போட்டின் மேல்தான் புடைத்தது. அது என் சோத்துக்கைப் பக்கம் இருந்தது.

ஒரே துணி. ஒரே படம். அதன் இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேர், ஒருத்தி இடக்கை என்றாள், ஒருத்தி சோத்துக்கை என்றாள். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னோம். ஆனால் பழைய பங்கரில் எங்களுக்குப் பிழையில்லாமல் வழி காட்டியது நான் இருந்த பக்கம்தான், கடலுக்கு முதுகு காட்டுகிற பக்கம். அவள் படத்தைத் திருப்பவில்லை, தன்னைத்தான் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு அது விளங்கிய கணம் எனக்குத் தெரியும். வேட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பிறகு வேட்டியைக் கிழித்துக்கொண்டு என் மேலால் பாய்ந்தாள். கயிற்றைத் தொடவில்லை. வாசல் சாக்கோடு வெளியே விழுந்து எழும்பி மண்மேட்டில் ஏறி, நிமிர்ந்து நின்றாள். இரண்டு வருசமாக யாரும் நிமிர்ந்து நிற்காத மேட்டில் நின்று, உடுத்திருந்த சேலையை உருவிக் களப்பு வாய்ப் பக்கமாக வீசி வீசிக் கத்தினாள். "இஞ்சாலை! இஞ்சாலை வாங்கோ!" கடலுக்கு அந்தக் கத்தல் எங்கே கேட்கும்? நான் அவள் காலைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். முடியவில்லை.

அண்ணன் கண்டார் என்றுதான் நினைக்கிறேன். வள்ளம் திரும்பத் தொடங்கியது. மூட்டத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஒரு வெடி கரையில், எங்களுக்கு அண்மையில் விழுந்து மண்ணை வாரி இறைத்தது. மற்றவை கடலில். மண் அடங்கிப் பார்த்தபோது தண்ணீரில் ஒன்றும் இல்லை.

பொழுதுபட்ட பிறகு றஜித் கோயில் பக்கமாக நீந்திக் கரை ஏறினான். தோளில் காயம். அற்புதம் அவன் முன்னால் போய் நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூட்டம் அக்கா. எங்களுக்குச் சேலை வடிவாத் தெரியேல்லை. நாங்கள்தான் பிழையாத் திருப்பிப் போட்டம்" என்றான்.

நல்ல பெடியன். காயத்தோடு நீந்தி வருகிற வழியெல்லாம் அந்தப் பொய்யைத்தான் அவளுக்காகச் சேர்த்து வைத்திருக்கவேண்டும்.

"பொய் சொல்லாதை றஜித்" என்றாள் அற்புதம். "சேலை வடிவாத் தெரிஞ்சது. அவர் கண்டவர். நான் சொன்ன பக்கம்தான் போனவர்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர் சொன்னது சரி. அது மெய்தான், பொய் சொல்லேல்லை. நான்தான் மற்றப் பக்கம் போய் இருந்தனான்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, போனது என் கூடப்பிறந்தவர். கோபம் தங்கம்மாமேலும் வந்தது, மாஸ்டர்மேலும் வந்தது, அந்தோனியார்மேலும் வந்தது. கன்போட்காரன்மேல் வந்தது மட்டும் இன்னும் போகவில்லை, மற்றதெல்லாம் தேய்ந்துவிட்டது. மாஸ்டர் செத்தவீட்டுக்கு வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்று அழுதுவிட்டுப் போனார். அண்ணனின் உடல் கரை ஒதுங்கவில்லை.

உடல் வராவிட்டால் ஆள் கடலில் நிற்கிறார் என்றுதான் எங்கள் கரையில் கணக்கு. அப்படியென்றால் அற்புதம் இனி எப்போதும் கடலைப் பார்த்துத்தான் குந்தவேண்டும். பெண்கள் அவளிடம் அதைப் பக்குவமாகச் சொன்னார்கள். "முகம் காட்டித்தானே அனுப்பினனான்" என்றாள்.

பிறகு நாங்களும் கரையை விட்டு உடையார்கட்டுக்குப் போனோம். காட்டோரக் கொட்டில், சுற்றிவரப் பாலை மரம், கடலின் இரைச்சல்கூடக் கேட்காது. அற்புதம் அங்கேயும் களப்புக்குப் போகிறவர்களின் வலை பொத்தினாள். நெளுக்குளத்துச் சித்தி இன்னொரு கண்ணாடி அனுப்பினாள், இரண்டு சில்லும் முழுசாக. அதை அவள் வேலைக்கு மட்டும் போடுவாள். வேலை முடிந்ததும் கழற்றித் துணியில் சுற்றி, அந்தத் துணியின் மேல் இன்னொரு துணி சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள்.

காலையில் பாயும் வலையுமாக முற்றத்துக்கு வருவாள். பாயைப் போடுமுன் நின்று, "ஆன்சலா, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் கேட்பாள். அவளுக்குத் தெரியாமலில்லை. நான் கையை நீட்டிக் காட்டுவேன். அவள் அந்தப் பக்கத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு குந்தி ஊசியை எடுப்பாள்.